சொல்லி விற்ற கார்

‘தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்ததைவிட இப்போது மேலாக இருக்கிறது.’ விளம்பரத்தில் இப்படி ஒரு வரி. கார், 1968ஆம் ஆண்டின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மூன்றாம் மார்க், அதாவது அந்தக் காரின் மூன்றாவது பதிப்பு. முழுக்கப் புதுப்பித்தது என்று போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் நான் இருக்கும் கவென்ட்ரியிலிருந்து இரண்டரை மணி நேரம் தெற்கே போய்ப் பார்த்தேன். கார் அந்த வரிக்குத் துரோகம் செய்யவில்லை. பெயின்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். இருக்கைகளுக்கு உண்மையான தோல், காலடியில் கால் புதையும் கம்பளம், அதற்கு அடியில் சத்தத்தைத் தடுக்கும் தடித்த விரிப்பு, பழைய நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர் பெட்டி. துணியில் சுற்றி எடுத்துப்போன காந்தத்தைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் நகர்த்திப் பார்த்தேன். எங்கேயும் நழுவவில்லை. துருவுக்கு மேல் பட்டி பூசி மறைத்த கார் இல்லை, நல்ல இரும்புதான். விற்பவரும் பொறுமையாகப் பேசினார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: “கதவுக்குக் கீழே இருக்கும் இந்த சில்களை மாற்றியது யார்? அப்போது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா?” அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் வரும்போதே கார் இப்படித்தான் இருந்ததாம். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

குறை என்று விரல் வைக்க எதுவும் இல்லாத ஒரு காரை ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்று எனக்கே சரியாகப் புரியவில்லை. விலை அதிகம்தான், ஆனால் அது காரணம் இல்லை. அந்த வரிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. வந்த நாளைவிட மேலாக என்றால் என்ன அர்த்தம்? வந்த நாளில் அது எப்படி இருந்தது? ஒரு பொருளைப் புதுப்பிக்கிறோம் என்கிறபோது அதற்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறோம்? இரண்டு மாதம் இதையே அசைபோட்டுக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காக சில் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், படிபோல் ஓடும் இரும்புப் பெட்டி அது. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், முதுகெலும்புபோல் நடுவில் மட்டும் ஓடுகிறது, பக்கவாட்டில் தாங்க எதுவும் கிடையாது. கூரையும் இல்லை. அதனால் உடலின் விறைப்பு பெருமளவுக்கு அந்த இரண்டு சில்களைத்தான் நம்பியிருக்கிறது. துரு முதலில் தின்பதும் அவற்றைத்தான். சில் போய்விட்டால் கார் நடுவில் தொய்ந்து, கதவின் இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி ஆகிவிடும். இந்தக் காரை வாங்குகிறவன் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் அந்த இடைவெளியைத்தான் பார்ப்பான்.

எங்கள் வீட்டு ஹெரால்டு

இந்தக் கார்மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அது 1953இல் தொடங்குகிறது. கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) அந்த ஆண்டு வாங்கிவிட்டது. அடுத்து வரப்போகும் சிறிய காரின் உடலை ஒரே கூடாக அச்சடித்துத் தர இனி ஆள் இல்லை. கவென்ட்ரிக்காரர்கள் வேறு வழியில்லாமல் பழைய முறைக்குத் திரும்பினார்கள்: தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் பல இடங்களிலிருந்து துண்டு துண்டாக வந்து போல்ட்டில் பூட்டப்படும் உடல். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவம் கொடுத்தார். 1959இல் டிரையம்ப் ஹெரால்டு வந்தது.

உடல் துண்டுகளாகப் பிரிந்ததால் அந்தக் காரைப் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்ற முடிந்தது. அப்படித்தான் அது சென்னைக்கும் வந்தது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் பூட்டினார்கள். 1960களின் பின்பகுதியில் நான்கு கதவு வைத்த ஒன்றையும் செய்தார்கள். அது இந்தியாவுக்கென்றே செய்தது, இங்கிலாந்துக்காரர்கள் பார்த்தால் இன்றைக்கும் வியந்துபோவார்கள். எங்கள் வீட்டில் இருந்தது அதுதான். அப்பா இரண்டாவது கையாக வாங்கிய சாம்பல் நிறக் கார்.

ஹெரால்டைப் பார்த்தவர்களுக்கு அந்த பானட் மறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முகத்தையே பெயர்த்து முன்னால் சாய்ப்பதுபோல் திறக்கும். எங்கள் மெக்கானிக் வந்ததும் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொள்வார். முட்டிக்கு எதிரே இன்ஜின். குனிய வேண்டாம், கார் அடியில் படுக்க வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பதுபோல் நிதானமாகக் கார்புரேட்டரைக் கழற்றுவார். இன்னொன்று, அதன் திரும்பும் வட்டம். 25 அடி விட்டம் போதும். மாம்பலத்தில் எங்கள் தெருவில் அம்பாசடர்காரர்கள் முன்னும் பின்னுமாக நான்கு முறை எடுக்கும் இடத்தில் அப்பா ஒரே வீச்சில் திருப்பிவிடுவார். அந்தத் திருப்பத்தில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

1988இல் வண்டலூர் தொழிற்சாலை மூடப்பட்டது. உதிரிபாகம் கிடைப்பது வர வர சிரமமாகிவிட்டதால் இரண்டு ஆண்டு கழித்து அப்பா காரை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவரை வராந்தாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு, காரில் என்னென்ன கோளாறு என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது கொஞ்சம் உறுமும். வெயில் நேரத்தில் நிறுத்தினால் பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். பின் கதவு ஒன்று மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். உள்ளே அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “வாங்க வந்தவரை நீங்களே விரட்டுறீங்களே” என்று பிறகு சத்தம் போட்டாள். வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்டார், அப்பா சம்மதித்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. கார் போனதைவிட, அப்பா அப்படிச் சொன்னது ஏன் என்பதுதான் வெகுநாள் புரியாமல் இருந்தது.

தூசித் துணிக்கு அடியில்

ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் தம்பி. அதே மிக்கெலோட்டி, ஹெரால்டின் சேஸிஸ் வழியைப் பின்பற்றி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஒரு விளையாட்டுக் காரை வரைந்து கொடுத்தார். ஆனால் கம்பெனியில் பணம் தீர்ந்திருந்தது. மாதிரிக் கார் தொழிற்சாலையின் ஒரு மூலையில் தூசித் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்ட் நிறுவனம் (எண்ணூரில் அசோக் லேலண்டுக்குப் பெயர் கொடுத்த அதே லேலண்ட்தான்) ஸ்டாண்டர்டு-டிரையம்பை எடுத்துக்கொண்டபோது, என்னென்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்க்க வந்த அதிகாரிகள் அந்தத் துணியை விலக்கினார்கள். உடனே செய்யச் சொல்லிவிட்டார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் கார் வெளியே வந்தது. ஒரு துணியை யாரோ விலக்கிப் பார்த்ததால் பிழைத்த கார் இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காரின்மேல் பிரியம் கூடிவிடும்.

விற்பனை விலை வரியோடு 730 பவுண்டு. 1147 சிசி இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், 63 குதிரைத் திறன். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் மொத்தக் காரும் 711 கிலோ என்பதால் அந்த 63 போதுமானதாக இருந்தது, மணிக்கு 90 மைலைத் தாண்டியது. அந்த எடை எப்படி வந்தது என்று பார்த்தால் எல்லாம் சிக்கனம். தரையில் ரப்பர் விரிப்பு. ஹீட்டர் வேண்டுமானால் தனிக் காசு. மழை வந்தால் நீங்களே கம்பிகளைப் பூட்டிக் கூடாரம்போல் கட்டிக்கொள்ள வேண்டிய துணிக் கூரை. வேகமானியும் மற்ற மானிகளும் டாஷ்போர்டின் நடுவில். ஸ்டீயரிங்கை வலமோ இடமோ எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் மாற்றிவைக்கலாம் என்பதற்காக. அந்தக் காலத்து ஆசிரியரும் எழுத்தரும் தவணையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தாங்களே ஸ்பேனர் பிடித்துப் பழுது பார்க்கும்படி செய்த கார் அது.

அப்படியிருக்க, தெற்கே நான் பார்த்த கார் எதற்கு மேலானது? தோலும் கம்பளமும் விரிப்பும் ஆளுக்கு இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் காரின் குணமே குறைந்த எடைதான். அதைக் குறைபாடு என்று நினைத்து யாரோ அன்போடு, நிறையப் பணம் செலவழித்து நிரப்பியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார் யார் யார் கையில் என்ன பட்டது என்பதும் அந்தப் பளபளப்புக்கு அடியில் போய்விட்டது. மாற்றியவருக்கு மட்டும் தெரியும், அவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

லெட்பரியில் ஒரு கொட்டகை

அப்புறம் ஒரு நண்பர் மூலம் இன்னொரு கார் தெரியவந்தது. 1964ஆம் ஆண்டின் முதல் மார்க், ஹெரிஃபோர்டுஷயரில் லெட்பரிக்கு அருகே. மால்வர்ன் மலையைத் தாண்டிப் போக வேண்டும். மனைவியும் கூட வந்தாள். விற்பவர் எழுபதுகளில் இருந்தார், ஓய்வுபெற்ற தச்சர். பதினோரு வருடம் தன் கொட்டகையிலேயே வைத்துப் புதுப்பித்திருக்கிறார். இப்போது முட்டி மடங்கவில்லை, அவ்வளவு தாழ்வான இருக்கையில் இறங்கி உட்கார முடியவில்லை. அதனால்தான் விற்பனை. கேட்ட விலை, தெற்கே கேட்டதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

கார் வெளியே நின்றது. வெள்ளை. பெயின்ட் நன்றாக இருந்தது, ஆனால் முகம் தெரியவில்லை. என் கண் வழக்கம்போல் கதவு இடைவெளிக்குப் போனது. வலது பக்கம் ஒரே சீராக இருந்தது. இடது பக்கம் மேலே ஒரு நூல் அளவு அதிகம். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். “அது என் தப்பு” என்றார். “முதலில் இடது பக்க சில்லை வெட்டினேன். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே கம்பி வைத்துத் தாங்கு கொடுக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. உடல் தொய்ந்துவிட்டது. திரும்ப வெட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, மறுபடி வைத்தேன். முழுக்கச் சரியாகவில்லை. வலது பக்கத்துக்குத் தாங்கு கொடுத்துச் செய்தேன். இடது கதவைச் சற்றே தூக்கிச் சாத்துங்கள், சரியாக விழும்.”

பிறகு உள்ளே குனிந்து, இடது பக்க ரப்பர் விரிப்பை எடுத்துச் சுருட்டினார். தரையின் முன் மூலையில் கை அகலத்துக்கு ஒரு ஒட்டு. வெல்டிங் கோடு மேடும் பள்ளமுமாக, சேற்றில் புழு ஊர்ந்த தடம்போல் இருந்தது. காரின் மற்ற இடங்களில் அவர் செய்திருந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “இதுதான் நான் வாழ்க்கையில் முதல் முதலில் செய்த வெல்டிங். பிடிப்பு நன்றாக இருக்கிறது, அடித்துப் பார்த்துவிட்டேன். தேய்த்து மட்டமாக்கிப் பெயின்ட் அடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மறைக்க வேண்டாம் என்று விட்டுவைத்தேன். மழைத் தண்ணீர் இந்த மூலைக்குத்தான் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று பதினோரு வருடமாகத் தேடுகிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்தவர் விரிப்பைத் தூக்கினால் இந்த ஒட்டு அவர் கண்ணில் பட வேண்டும். பட்டால்தான் இந்த மூலையைக் கவனிப்பார்.”

நான் குனிந்தபடியே அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் என்னை அலைக்கழித்த கேள்விக்குப் பதில் அந்த மேடுபள்ளத்தில் இருந்தது. காருக்கு இவர் செய்த வேலையில் பாதிதான் இரும்பு வேலை. மீதிப் பாதி, இன்னும் யார் என்றே தெரியாத ஒருவருக்காகச் செய்தது. அவர் ஒரு நாள் தனியாக, டார்ச் விளக்கோடு, இந்த மூலையில் குனிவார் என்று இவருக்குத் தெரியும். அவரைத் தடுமாற விடக்கூடாது என்று நினைத்திருக்கிறார். தெற்கே இருந்த காரில் எனக்குக் கிடைக்காதது இதுதான். அந்தக் காரில் எனக்கு முன்பு கை வைத்தவர் யாரும் என்னோடு பேசவில்லை.

அவர் பானட்டின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து முன்னால் சாய்த்தார். சட்டென்று அந்தப் பழைய வாசனை, பெட்ரோலும் சூடான ரப்பரும் கலந்தது. முன் டயரைக் காட்டி “உட்காருங்கள், அதற்காகத்தான் இருக்கிறது” என்றார். உட்கார்ந்தேன். முட்டிக்கு எதிரே இன்ஜின். எங்கள் மாம்பலம் மெக்கானிக் உட்கார்ந்திருந்த உயரம் இதுதான் என்று அப்போதுதான் உடம்பால் தெரிந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, வாங்கிடலாம்” என்றாள். நான் இன்னும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டியபோது அவர் பக்கத்தில் உட்கார முடியாததால் ஜன்னல் வழியாகவே எச்சரித்து அனுப்பினார். முதல் கியருக்கு, ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் இல்லை, கார் நின்ற பிறகுதான் போட வேண்டும். அடுத்ததைச் சொல்லும்போது முகம் தீவிரமானது. “வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்காதீர்கள். பின் சக்கரம் உள்ளே மடங்கும்.” ஹெரால்டிலிருந்து வந்த பின்பக்க அமைப்பு அது. அச்சு உள்பக்க முனையில் மட்டும் மடங்குவதால், பின்பக்கம் எழும்பும்போது சக்கரம் சாய்ந்து பிடிப்பை இழக்கும். கம்பெனி இதை 1970இல் வந்த நான்காம் மார்க்கில்தான் சீர் செய்தது. இவர் காரில் பழைய அமைப்பையே வைத்திருக்கிறார், வைத்திருப்பதைச் சொல்லியும் விட்டார். மலைச் சரிவில் நான் மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் கதவு விளிம்பு முழங்கைக்குக் கீழே, தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓட, 40 மைல் வேகமே எழுபதுபோல் இருந்தது. திரும்பி வரும்போது ஒரு குறுகிய கிராமத்துச் சாலையில் வேண்டுமென்றே நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். 24 அடி. ஒரே வீச்சில் திரும்பியது.

நோட்டு

காசு பேசி முடித்ததும் அவர் நீல அட்டை போட்ட பள்ளி நோட்டு ஒன்றைக் கொடுத்தார். முதல் பக்கத்தில், கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் அனுப்பிய சான்றிதழை மடித்து ஒட்டியிருந்தார். கார் எந்த நாளில் பூட்டி முடிந்தது, முதலில் என்ன நிறம், எந்த இன்ஜின் எண் என்பதெல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் கையெழுத்து. தேதி, மைல், செய்த வேலை, செய்த தவறு. ‘இடது சில், தாங்கு கொடுக்காமல் வெட்டினேன், முட்டாள்தனம்’ என்று ஒரு வரி. ஒரு மாதம் முழுக்க எதுவும் இல்லாமல் ‘குளிர்’ என்று மட்டும் ஒரு வரி. நாற்பது வயது கடந்த கார்களுக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை, சாலை வரியும் கிடையாது. ஆனாலும் அவர் ஒவ்வொரு வருடமும் காரைச் சோதனைக்குக் கொண்டுபோய், அவர்கள் சொன்ன குறையை அந்த நோட்டில் எழுதியிருக்கிறார்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். எண்பத்தைந்து வயது, காது மந்தம். ஹெரால்டு மாதிரியே பானட் என்றதும் குரல் மாறியது. “டிக்கியில ஸ்டெப்னி இருக்காடா?” என்று முதல் கேள்வி. இருக்கிறது, படுக்க வைத்திருக்கிறது என்றேன். (இந்த ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸில் லானெலி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கிய கம்பெனியின் பெயர். இங்கே அந்தச் சொல் மறைந்துபோய்விட்டது, நம்மிடம் உயிரோடு இருக்கிறது.) பிறகு, வித்தவர் கோளாறெல்லாம் சொன்னாரா என்று கேட்டார். எல்லாம் சொன்னார் என்றேன். “நல்ல மனுஷன்” என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

ஸ்பிட்ஃபயர் பிறந்த கான்லி தொழிற்சாலை என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். 1980 ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளியே வந்ததோடு அங்கே கார் செய்வது முடிந்தது. மஞ்சள் நிறத்திலிருந்த அந்தக் கடைசிக் காரை யாருக்கும் விற்காமல் வைத்துக்கொண்டார்கள், அது இப்போது கெய்டனில் நிற்கிறது. தொழிற்சாலை இருந்த இடத்தில் வேறு வேறு கம்பெனிகளின் கட்டடங்கள். ஒரு சாலைக்கு மட்டும் ஹெரால்டு அவென்யூ என்று பெயர். முதல் ஞாயிற்றுக்கிழமை காரை அந்தச் சாலை வழியாக ஓட்டிப்போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி, அவர் சொல்லிக் கொடுத்தபடி கம்பிகளைப் பூட்டிக் கூரையைக் கட்ட எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து இடது பக்க விரிப்பைத் தூக்கினேன். பிறகு மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே தேதியும் மைலும் போட்டு, அடுத்தவர் படிக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலேயே எழுதினேன்: ‘மழை, அரை மணி நேரம். அதே மூலையில் இரண்டு கரண்டித் தண்ணீர். கண்ணாடிக்குக் கீழே உள்ள ரப்பர் வழியாக வருகிறதோ என்று சந்தேகம். அடுத்த வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும்.’